பர்லியார் என்றால் நிறுத்து

நீலகிரியில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சலர்களுக்கும் மனநல மருத்துவர்களுக்கும் வணக்கம்.

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். படுக்கையறையில் நான் சொல்வதை என் கணவர் கேட்பார். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, இருவருக்கும் பிடித்தது. போன வருஷம் அவருக்குத் தூக்கமே இல்லாமல் போய் ஊட்டியில் ஒரு கவுன்சலரைப் பார்த்தோம். ஒளிக்க வேண்டாமே என்று இதையும் சொன்னார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஆம்பளை இப்படி இருக்கலாமா, இது வியாதி" என்றார். அதற்கப்புறம் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. திரும்பும் பஸ்ஸில் அருவங்காடு தாண்டும் வரை அவர் வாயே திறக்கவில்லை.

வியாதி இல்லை. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஐசிடி-11, வயதுவந்த இருவர் மனமொத்து இப்படி இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. சம்மதிக்காத ஒருவரை வதைத்து இன்பம் காணும் நாட்டமோ இன்னமும் அதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தச் சம்மதத்துக்கு ஒரு சொல் உண்டு, "பர்லியார்". மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் வருகிற ஊர்தான். யார் சொன்னாலும் அந்த நொடியே எல்லாம் நிற்கும், ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அவர் சொன்னார். கைக்கட்டை அவிழ்த்து, கம்பளியைப் போர்த்திவிட்டு டீ போட்டேன். வர்க்கியை நனைத்து நனைத்துத் தின்று, டம்ளர் காலியான பிறகுதான், திடீரென்று அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்றார்.

அதற்காக, சம்மதம் என்று யார் சொன்னாலும் நம்பிவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஒருத்தி குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடு கணவன் வேலையோடு வந்ததாக இருந்தால், 'முடியாது' என்று சொன்ன மறுநாள் அவள் பிள்ளைகளோடு எங்கே போவாள்? அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். நிறுத்து என்று கடைசியாக எப்போது சொன்னாய், சொன்னதும் என்ன நடந்தது, சம்பளம் யார் கையில் இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதோடு மட்டும் நிற்கவில்லை, பாலியல் கொடுமை, வசவு, பணத்தைப் பிடித்து வைப்பது எல்லாம் அதில் வரும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அவளுக்குச் சொல்லுங்கள். இதே கேள்விகளை எங்களிடமும் கேட்டிருக்கலாம், சந்தோஷமாகப் பதில் சொல்லியிருப்போம்.

அவருக்கு இன்னும் தூக்கம் சரியாகவில்லை. வேறு டாக்டரிடம் போகலாம் என்றேன். சரி, ஆனால் அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறார்.