தனுஷ்கோடி மணலில் வண்டியை இறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளிக்கூடமும் லீவு விட்டால் மதுரைக்காரர்கள் பாதிப் பேர் ராமேஸ்வரம் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறோம். 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு சொந்தக் காரிலேயே போய்விடலாம், சரி. ஆனால் ரோட்டோடு நிற்காமல் ஃபோட்டோவுக்காக மணலில் இறக்கி ஒரு ரவுண்டு அடிக்கிறார்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த வெறும் மணலில்தான் இப்போது ஆலா, உப்புக்கொத்தி என்கிற கடற்கரைப் பறவைகள் முட்டையிடும். (தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் உப்புக்கொத்தியைத் தனி இனம் என்று 2023இல் பிரித்து அனுமன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.) கூடு என்று ஒன்றும் கிடையாது, உள்ளங்கை அளவு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. குனிந்து தேடினாலே கண்ணுக்குப் படாது, டயருக்கு எங்கே தெரியப்போகிறது? நம் கண்மாய்க் கரையில் ஆள்காட்டிக் குருவியின் முட்டையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஆள் கிட்டே போனால் தாய் எழுந்து கத்திக்கொண்டே சுற்றும், நாம் நின்று வேடிக்கை பார்க்கிற நேரமெல்லாம் முட்டை உச்சி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இந்த வெயிலில் தாய் உட்காருவது நிழல் கொடுக்கத்தான். தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்துகூட முட்டையைக் குளிர வைக்கும். குஞ்சு மணலோடு ஒட்டிப் படுத்திருந்தால் ஐயோ பாவம் என்று பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். நீங்கள் நகர்ந்தால் தாய் வந்துவிடும்.

ஆமைக் கதை வேறு. பங்குனி ஆமை ராத்திரி கரையேறி நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போனால் போனதுதான். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தாமாகவே வெளியே வந்து வெளிச்சமான திசையில் நடக்கும். இருட்டில் அது கடல்; கரையோரம் தங்குகிறவர்கள் டார்ச்சும் ஹெட்லைட்டும் அடித்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது, தாராளமாகப் போய்ப் பாருங்கள், கையில் தூக்கி செல்ஃபி மட்டும் வேண்டாம்.

கோடையில் சுற்றுலாவுக்கென்று பக்கம் ஒதுக்குகிறீர்களே, அதில் இதையும் நாலு வரி போடுங்கள். முட்டை இருக்கும் இடத்தில் வனத்துறை கயிறு கட்டித் தமிழில் ஒரு போர்டு வைத்தால் வேன் ஓட்டுகிறவர்களுக்கும் சவாரிக்காரரிடம் முடியாது என்று சொல்ல வசதியாக இருக்கும்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை