நாடா தீர்வதில்லை, பொட்டலம்தான் தீர்ந்துபோகிறது

குறைந்த வருமான நாடுகளின் நிதி, சுகாதார அமைச்சர்களுக்கும், அந்நாடுகளுக்கு உதவிநிதி வழங்கும் அரசுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அயலுதவியை நிறுத்தி வைத்தபோது என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடுமையாக மெலிந்த குழந்தைகளைத் தேற்றும் சிகிச்சை உணவுப் பசையைச் செய்யும் ஆலைகளுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது, பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சுகாதார நிலையங்களில் பசை தீர்ந்துபோகும் கதை அதற்கு முன்பே இருந்ததுதான். அன்று அது செய்தியாயிற்று, அவ்வளவே.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சிகிச்சைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர் ஏறும் அன்றே, அது தேறும்வரை வேண்டிய பசைப் பொட்டலங்கள் மொத்தமும் அந்தப் பெயருக்கென்று கிடங்கில் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

களத்தில் நடப்பது இது. இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவே, கையின் சுற்றளவைக் காட்டும் வண்ண நாடாவைச் சுற்றுகிறார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு: கடும் மெலிவு. குழந்தை பசையை விரும்பி உண்கிறதா என்று பார்த்து, ஒரு வாரத்துக்கு உரியதைத் தாயிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி. நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், சத்துக் கலவை. ஈரம் மிகக் குறைவு என்பதால் கிருமி எளிதில் வளராது, சமைக்கவும் வேண்டாம். முனையைக் கிழித்து அப்படியே ஊட்டலாம், கூடவே சுத்தமான குடிநீர் கொடுத்தால் போதும்.

ஆறு கிலோ குழந்தைக்கு நாளுக்கு இரண்டு பொட்டலம், வாரத்துக்குப் பதினான்கு. கையிருப்பு குறைந்ததும் கிடங்கிலிருந்து வாய்மொழியாக ஒரு சொல் வரும்: 'பாதி பாதியாகக் கொடுங்கள்.' பதினான்கு ஏழாகிறது. நாளுக்கு 500 கிலோ கலோரி, அதாவது எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 83. தேறுவதற்கு வேண்டியதோ 150 முதல் 185. இந்தப் பாதி, இருக்கும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கலாம், சதை வைக்க உதவாது. முழு அளவில் ஏழு வாரத்தில் தேறக்கூடிய குழந்தைக்கு 98 பொட்டலம் போதும். பாதி அளவில் பதினான்கு வாரம் இழுத்தாலும் அதே 98 செலவாகிவிடும். அப்போதும் நாடா சிவப்பைத் தாண்டி மஞ்சளுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இதில் எதை மிச்சம் பிடித்தோம்?

குறைந்த அளவிலும் குழந்தைகள் தேறுவதாக ஆய்வுகள் உண்டே என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்லக்கூடும். உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலே, குழந்தை கடும் மெலிவிலிருந்து மீண்ட பிறகு கிலோவுக்கு 100 முதல் 130 வரை குறைக்கலாம் என்கிறது. 'மீண்ட பிறகு' என்ற இரண்டு சொற்களைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

சில வாரங்களில் பாதியும் இல்லாமல் போகிறது. குழந்தையை இடுப்பில் சுமந்து மணிக்கணக்கில் நடந்து வந்த தாய் வெறுங்கையோடு திரும்புகிறாள். அடுத்த வாரமும் அப்படியே. அதன் பிறகு அவள் வருவதில்லை. தொடர்ந்து வராதவர்களுக்கென்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது: 'இடையில் நின்றவர்'. அவள் பெயர் அங்கே போய்ச் சேருகிறது. நின்றது அவளா, பசையா? இடைநிற்றல் 15 விழுக்காட்டைத் தாண்டினால் உங்களிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. கூடவே தாய்மார்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லும் அறிவுரையும். கொடையாளர் சின்னம் அச்சிட்ட நாடாக்கள் மட்டும் எந்தக் கிடங்கிலும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அளப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

வளரிளம் பருவத்தின் பாடு இன்னும் மோசம். ஐந்து வயதைத் தாண்டியதும் பிள்ளை பெரும்பாலான ஏடுகளில் காணாமல் போய்விடுகிறது. மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு இரத்தசோகையைத் தடுக்க வாரம் ஒரு மாத்திரை என்ற திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்க வேண்டும். ஆனால் எளிதில் கிடைப்பது கர்ப்பிணிகள் நாள்தோறும் விழுங்குவதற்கான மாத்திரை, அதில் ஃபோலிக் அமிலம் 0.4 தான். அதை எடுத்து வாரம் ஒன்று என்று கொடுத்தால் ஃபோலிக் அமிலம் ஏழில் ஒரு பங்குதான் சேரும். அறிக்கையில் மாத்திரை எண்ணிக்கை மட்டும் கணக்காக இருக்கும். மாநாட்டு மேடைகளில் 'நாளைய தாய்மார்கள்' என்று இவர்களைத்தான் சொல்கிறீர்கள் போலும்.

மன்னிக்கவும், பேச்சு விலகிவிட்டது. பசைக்கு வருவோம்.

2023இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பசையைக் குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துகளின் மாதிரிப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் நாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டால், மருந்துக்கென்று ஏற்கெனவே இருக்கும் கொள்முதல், கிடங்கு, லாரி எல்லாம் இதற்கும் வழிவிடும். இப்போதோ இது அவசர நிதியை நம்பி நிற்கிறது. அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதம் (உணவு தட்டுப்படும் காலம்) தொடங்கிய பிறகு நிதி அறிவிப்பு, அதன் பிறகு ஆணை, ஆலை, கப்பல், சுங்கம். பெட்டி வந்து சேரும்போது மழையில் பாதை துண்டித்திருக்கும். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். ஆகவே பஞ்ச மாதத்துக்கு முன்பே ஆணையிடுங்கள். மூன்று மாதக் கையிருப்பு மாவட்டக் கிடங்கில் இருக்கட்டும். கடந்த ஆண்டு எவ்வளவு செலவானது என்று பார்த்துக் கணக்கிடாதீர்கள், இல்லாத பசை செலவாகியிருக்காது. சேர்க்கப்படும் குழந்தைகளை எண்ணி, தலைக்கு ஒரு பெட்டி, அதாவது 150 பொட்டலம் என்று வைத்தால் எடை கூடிய குழந்தைக்கும், வீட்டில் தம்பி தங்கையோடு பங்கு போவதற்கும் சற்று இடம் இருக்கும்.

பெயர் ஏறிய குழந்தைக்கு முழுச் சிகிச்சைக்கான பசை. இதைத்தான் மீண்டும் பணிவோடு கேட்கிறோம். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை காலாண்டு அறிக்கைப் படிவத்தில், 'இடையில் நின்றவர்' கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் சேர்த்துத் தாருங்கள்: 'பசை இல்லாத நாட்கள்'. அதை நாங்கள் தவறாமல் நிரப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்துச் சிகிச்சைப் பணியாளர்கள்