அண்ணாச்சியின் கால் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தொடை ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைப் பலூனால் விரித்து, குழாய் மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைப் பொருத்தி, அண்ணாச்சியை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும், தெருமுனை போவதற்குள் கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுபவர் இப்போது கடைத்தெரு வரை போய்வருகிறார் என்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால், "வலிதான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று அவர் கேட்பதாக நீ எழுதியிருந்த வரி எனக்குக் கவலை தருகிறது. அதற்காகவே உடனே பதில் எழுதுகிறேன்.

அடைப்பு நீங்கியிருக்கிறது, நோய் நீங்கவில்லை. ரத்தக்குழாயின் சுவரில் கொழுப்பு படிந்து தடிக்கும் இந்த நோய், இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் ஓசையில்லாமல் வளரக்கூடியது. நடந்தால் கால் வலிக்கிறது என்று வருபவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் உயிரிழப்பவர்களே அதிகம். ஆகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் ஆகியவை வலிக்கான மாத்திரைகள் அல்ல. முதல் சில மாதங்களுக்குப் பின் இரண்டு உறைவுத்தடுப்பு மாத்திரைகளில் ஒன்றை மருத்துவரே நிறுத்தக்கூடும். மற்றொன்றும் ஸ்டாடினும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 55 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்று இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அண்ணாச்சியின் கடைசி ரத்தப் பரிசோதனையில் அது எவ்வளவு என்று பார்த்து எழுது.

என் கிளினிக்குக்கு வரும் ஒருவர், பல் பிடுங்குவதற்காக உறைவுத்தடுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார். திரும்பத் தொடங்கும்படி அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர் நகரத்தில் இருக்கிறார், பல் மருத்துவருக்குக் காலின் கதை தெரியாது, வீட்டிலோ எல்லாம் குணமாகிவிட்டது என்ற எண்ணம். ஒரு நாள் காலையில் பாதம் சில்லிட்டு, வெளிறி, மரத்துப்போய் வந்து நின்றார். நம் ஊர்களில் சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு இப்படித்தான் யார் பொறுப்பும் இல்லாமல் நடுவில் விழுந்துவிடுகிறது என்பது என் நெடுநாளைய ஆதங்கம். அண்ணாச்சி விஷயத்தில் அந்தப் பொறுப்பை நீ எடுத்துக்கொள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளை அறவே தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரினோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஸ்டென்ட் வைத்த தொடைக்குழாய், குறிப்பாக முதல் ஓராண்டில், உள்ளே மீண்டும் சுருங்கக்கூடும். வலி திரும்பும் வரை காத்திராமல், சொன்ன தேதிகளில், ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனைக்கு அழைத்துப் போ. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனையும் செய்வார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று பொருள். முந்தைய அளவிலிருந்து 0.15-க்கு மேல் இறங்கினாலும் கவனிக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகியிருப்பதால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டலாம். அண்ணாச்சிக்கும் சர்க்கரை இருப்பதால், தேவைப்பட்டால் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்.

இனி நடை. மருத்துவர் அனுமதித்ததும், வாரத்தில் மூன்று நாளாவது, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும். கெண்டைக்கால் வலித்தால் ஓரளவு வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மீண்டும் நடப்பதுதான் முறை. பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் நடக்கும் தொலைவு கூடுவதை அவரே உணர்வார். பீடியை மட்டும் ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது. பொருத்திய ஸ்டென்ட்டைக் கெடுப்பதில் அதற்கு இணையாக வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன்.

பாதத்தை இரவில் நீயோ மதினியோ விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, குதிகாலின் வெடிப்பைத் தடவி, செருப்பு உரசிய சிவப்பு ஏதும் உண்டா என்று கவனியுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சூடு தெரியவரும். வயலுக்கு வெறுங்காலோடு போவதை அவர் விட்டுவிட வேண்டும். அவருக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீ பிடிவாதமாக இரு.

கால் திடீரென்று சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, அசைக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று இருக்காதே. சில மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சேர்த்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும். அடுத்த பரிசோதனைக்குப் போய்வந்ததும் கணுக்கால் அளவையும் மாத்திரைப் பட்டியலையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்