முள்ளை விடு, கிரிவலத்தைத் தள்ளிப்போடு

மதுரை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. சம்பந்தி வீட்டார் வந்து போன கதையைப் படித்துச் சிரித்து மாளவில்லை. அதை நேரில் பேசுவோம். முதலில் உன் குதிகால் வலி.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்றதும் ஆபரேஷன் வரைக்கும் யோசித்துவிட்டாயே! வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் அந்த முள் இருக்கும். எனக்கும் வலிதான் போனது, முள் போகவில்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அது எலும்பைப் பிடித்திருக்கும் இடம் இழுபட்டு இழுபட்டு நைந்துபோகிறது. தூக்கத்தில் பாதம் கீழே சாய்ந்து சவ்வு சுருங்கிக் கிடக்கும். விடிந்து முதல் அடி வைத்ததும் உடம்பின் எடை மொத்தமும் அதன்மேல் இறங்குகிறது. ஆணி குத்துகிற மாதிரி என்று எழுதினாயே, அது இதுதான். நாலு நடை நடந்தால் தணிவதும் இதனால்தான்.

ஆகவே கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே காலைத் தயார் செய். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, விரல்களை எல்லாம் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடி. சரியாகப் பிடித்தால் உள்ளங்கால் நடுவே சவ்வு விறைத்து நிற்பது மற்றக் கைக்குத் தட்டுப்படும். 10 எண்ணும் வரை, 10 தடவை, நாளுக்கு 3 வேளை. சுவரில் கைவைத்துக் கெண்டைக்கால் சதையையும் நீட்டு.

வலி கொஞ்சம் அடங்கியதும் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்து, குதிகாலை மெதுவாக 3 விநாடி ஏற்றி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடி இறக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். டென்மார்க்கில் 2014-இல் வெளியான ஆய்வில், 3 மாதத்தில் இது வெறும் நீட்டலைவிட நல்ல பலன் தந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் எது முடிகிறதோ அதை விடாமல் செய்.

வீடு முழுக்க கிரானைட், நாள் முழுக்க வெறுங்கால். அதை மாற்றாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. வீட்டுக்கென்றே ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கு. உன் மாமியார் முகம் சுளிப்பார்தான். பூஜையறை வாசலில் கழற்றிவிடு, சமையலறையில் கழற்றாதே.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன எருக்கிலை, சூட்டுச் செங்கல் வைத்தியம் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உனக்குச் சர்க்கரை இருக்கிறதடி! பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோனாலும் தெரியாது. வேண்டாம். ஸ்டீராய்டு ஊசிக்கும் அவசரப்படாதே. சில வாரம் சுகம் தரும், சர்க்கரையையும் ஏற்றும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுகிறது. மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உடனே டாக்டரைப் பார்.

அப்புறம், இந்தப் பௌர்ணமி கிரிவலம். தார்ரோட்டில் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில்! அண்ணாமலையார் எங்கும் போய்விட மாட்டார். கல்யாணம் முடியட்டும், சேர்ந்தே போவோம்.

முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிற தேதியை எழுது. நானும் வருகிறேன்.

அன்புடன்,
சுமதி