படிவம் 27-ஐ ஆண்டுதோறும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தஞ்சாவூரில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து புற்றுநோய் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "இதே மாத்திரை வேற கம்பெனில இருக்குங்களா" என்று மெதுவாகக் கேட்டார். காய்ச்சலுக்கோ சர்க்கரைக்கோ என்றால் நாலு கம்பெனி அட்டையை எடுத்துப் போட்டிருப்பேன். இது காப்புரிமை உள்ள மருந்து, ஒரே கம்பெனிதான். "அப்ப பத்து நாளைக்கு மட்டும் வரவழைச்சுக் குடுங்க" என்று நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி முன்பணம் வைத்துவிட்டுப் போனார். பதினோராவது நாள் என்ன செய்வார்?

காப்புரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டுபிடித்தவருக்கு 20 வருடம் கொடுக்கிறோம், சரி. அந்த 20 வருடத்தில் மருந்து நம் நோயாளிக்குக் கிடைத்ததா, என்ன விலைக்குக் கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டாமா? அதற்குத்தான் படிவம் 27 என்று ஒன்று நம் சட்டத்தில் இருக்கிறது. காப்புரிமை வாங்கியவர் அதை இந்தியாவில் எந்த அளவுக்குப் பயன்படுத்தினார் என்று ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும் என்று இருந்தது.

அந்தக் கணக்கு எதற்கு உதவும் என்பதை 2012-இல் பார்த்தோம். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்சவாரை பேயர் நிறுவனம் ஒரு மாத மருந்து சுமார் 2,80,000 ரூபாய் என்று விற்றுக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தின் நேட்கோ கம்பெனி கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை உள்ளவர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைச் செய்து விற்க அரசு தரும் அனுமதி, கேட்டு மனுப் போட்டபோது, காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்த பி.எச். குரியன், பேயர் தானே தாக்கல் செய்திருந்த கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் விசாரித்தார். மருந்து தேவைப்பட்டவர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்குத்தான் அது போய்ச் சேர்ந்திருந்தது. நேட்கோவுக்கு உரிமம் கிடைத்தது, அதே ஒரு மாத மருந்து, 120 மாத்திரை, சுமார் 8,800 ரூபாய்க்கு வந்தது, பேயருக்கும் நேட்கோவின் விற்பனையில் முதலில் 6, பிறகு 7 சதவீதம் ராயல்டி. பேயர் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2014-இல் அங்கேயும் தோற்றது.

இப்படிப்பட்ட ஒரு படிவத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிட்டார்கள். 2020-இல் எத்தனை விற்றது என்ற எண்ணிக்கைக் கேள்வியை எடுத்தார்கள். 2024 மார்ச் 15-இல் வந்த விதிகளில், ஆண்டுதோறும் வேண்டாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம், இந்த மூன்று ஆண்டு இடைவெளி அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பெரிய மருந்துக் கம்பெனிகள் இருக்கும் சுவிட்சர்லாந்து இதைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, நாம் ஏன் தலையாட்டினோம் என்பதுதான் புரியவில்லை. கல்லீரல் புற்றுநோய் வந்தவரின் வீட்டில் மூன்று வருடம் என்றால் என்னவென்று அங்கே பேசப் போனவர்கள் யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. காப்புரிமை தருவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்று இருந்தது. காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் அப்படி ஆட்சேபித்துத்தான் பெடாகுலின் என்ற காசநோய் மாத்திரையின் காப்புரிமையை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்கும் முயற்சி 2023-இல் நின்றது. இப்போது அதற்கும் கட்டணம், அதோடு ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பாராம்.

தமிழ்நாட்டின் மக்களவை எம்.பி.க்கள் 39 பேரில் ஒருவராவது இதை அவையில் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும், எத்தனை மாத்திரை, என்ன விலை, எத்தனை நோயாளி என்று அந்தப் படிவத்தில் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். என் கடையில் விற்கிற ஒவ்வோர் அட்டைக்கும் நான் பில் வைத்திருக்கிறேன், கேட்டால் அன்றைக்கே காட்டுவேன். அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவது சுமையே இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
தஞ்சாவூர்