பிசியாலஜி வராது என்று சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் கேட்டோம். போனில் பேசினால் நடுவில் நீ அழுதுவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படி.

நெர்வ்-மசில் (நரம்பு, தசை) பகுதி முடிந்ததும் வைக்கும் பார்ட் என்டிங் டெஸ்ட்டில் பாஸ் மார்க் வரவில்லை. மேடம் எழுப்பிக் கேள்வி கேட்டார், பதில் வரவில்லை, வகுப்பு முடியும்வரை நின்றாய். 'எனக்கு இந்த சப்ஜெக்ட் வரவே வராதுப்பா' என்கிறாய். அனாடமியை எப்படியாவது மனப்பாடம் பண்ணிச் சமாளிக்கிறேன், உடம்பு வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பிசியாலஜியில் மட்டும் எவ்வளவு படித்தாலும் கேள்வி வேறு எங்கிருந்தோ வருகிறது என்றும் சொன்னாய். இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. அந்தப் பாடம் எப்படிப்பட்டது என்று உனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஆனால் ரிட்டயர் ஆகும்வரை பிசியாலஜி லேபில் நின்றவன். ஒவ்வொரு வருஷமும் வெள்ளைக் கோட்டின் மடிப்புகூடக் கலையாமல் வரும் பிள்ளைகளை மைக்ரோஸ்கோப் மேஜையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ப்ளஸ் டூவில் மாவட்டத்திலேயே நல்ல மார்க் எடுத்தவர்கள்தான் முதல் இன்டர்னல்ஸில் அதிகம் உடைந்துபோவார்கள். அதுவரை வாழ்க்கையில் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமே இருந்திருக்காது. உனக்கு இப்போது நடப்பது உனக்கு மட்டும் நடப்பதில்லை, பாப்பா.

எங்கள் துறையில் ஒரு மேடம் இருந்தார். அவர் வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்கிற நாளில் வெளியே வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதே எனக்குத் தனி வேலை. அவர் என்ன கேட்பார் என்பதை நான் மறக்கவில்லை. ரத்த அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபார் சேம்பரில் சிவப்பணுக்களை எண்ணினால் வந்த எண்ணை 10,000-ஆல் பெருக்க வேண்டும் என்று ரெக்கார்டில் இருக்கும், எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடும். அவர் அதைக் கேட்கவே மாட்டார். 'ஏன் 10,000? போட்டுக் காட்டு' என்று பேப்பரை நீட்டுவார். ரத்தத்தை 200 மடங்கு நீர்க்கச் செய்திருக்கிறோம். எண்ணியது 80 சின்னக் கட்டம். அந்த 80 கட்டத்துக்குள் இருக்கும் திரவத்தின் அளவு ஒரு கன மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஐம்பதையும் இருநூறையும் பெருக்கினால் 10,000. இதைத் தானாகப் போட்டுக் கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் எந்தக் காலத்திலும் மறக்காது.

அதோடு விடமாட்டார். 'வெள்ளையணு எண்ணும்போது சிவப்பணு எல்லாம் எங்கே போச்சு?' என்பார். வெள்ளையணு எண்ண ரத்தத்தில் கலக்கும் டர்க் திரவத்தில் இருக்கும் அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும் என்று நன்றாகப் படித்தவர்கள் சொல்வார்கள். 'சரி, சிவப்பணு எண்ணும்போது வெள்ளையணு அப்படியேதானே கிடக்கிறது? அதையும் சேர்த்து எண்ணினால் கணக்கு தப்பாகாதா?' பாதிப் பேர் இங்கே நின்றுவிடுவார்கள். புத்தகத்தில் இந்தக் கேள்விக்கென்று தனிப் பத்தி கிடையாது, ஆனால் பதிலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. சிவப்பணு ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சம், வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை. சேர்ந்து எண்ணப்பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதைச் சொல்லி முடித்த பிள்ளையிடம் மேடம் கடைசியாகக் கேட்பார்: 'லுக்கேமியா நோயாளிக்கு?' அந்த ரத்தப் புற்றுநோயில் வெள்ளையணு சில லட்சம்கூடப் போகும். அப்போது அந்தக் கணக்கு உண்மையிலேயே தப்பாகும். மூன்று கேள்வியில் அந்தப் பிள்ளையை லேபிலிருந்து வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். வெளியே வரும்போது அது 'மேம் கிழிச்சுட்டாங்க' என்றுதான் நண்பர்களிடம் சொல்லும்.

உன்னை எழுப்பி நிற்க வைத்தபோது உன் மேடம் என்ன கேட்டார் என்று நீ சொல்லவே இல்லை. நின்றதை மட்டும்தான் சொன்னாய். அந்தக் கேள்வியை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

எங்கள் மேடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்க்கும்போது அமிலத்தில் ரத்தத்தை விட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். பக்கத்து மேஜையைப் பார்த்து 14.5 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பேட்ச் முழுக்கப் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் 14.5 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, எல்லோரையும் மறுபடி விரலைக் குத்தச் சொன்னார். அவரே மேஜை மேஜையாக வந்து நின்றார். அதில் ஒரு பெண்ணுக்கு 8 கூட வரவில்லை, கடுமையான ரத்தசோகை. எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லாமல், லேப் முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மறுநாள் மெடிசின் ஓபிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த 57-இல் ஒருத்தி ஹாஸ்டலில் இருந்துகொண்டு, தனக்கு 14.5 என்று ரெக்கார்டில் எழுதி கையெழுத்தும் வாங்கியிருப்பாள். மேடத்தின் கண்டிப்பை நான் மதிப்பது இதனால்தான். நீ உன்னுடையதைச் சரியாகப் பார்த்தாயா? எவ்வளவு வந்தது என்று அம்மாவிடம் சொல்.

'ஏன்' என்று கேட்டே படிப்பது பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. கொரோனா சமயத்தில் நம் தெருவிலேயே வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்தார்களே, 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு வா என்றார்களே, அது ஏன் என்று உன் புத்தகத்தில் ஒரே படத்தில் இருக்கிறது. ஆக்ஸிஜன் டிசோசியேஷன் கர்வ், அதாவது ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பிடித்திருக்கும் என்று காட்டும் கோடு, வரும்போது பார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும் மீட்டர் 97-லிருந்து 90-க்குத்தான் வரும். அதற்கப்புறம் 60-லிருந்து 40-க்கு இறங்கினாலே 90 என்பது 75 ஆகிவிடும். மேலே சமதரை மாதிரித் தெரிவது, கீழே சரிவு. 90-இல் இருப்பவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், பார்க்கிற டாக்டருக்கு அவர் சரிவின் விளிம்பில் நிற்பது தெரிய வேண்டும். அந்தப் படத்தை நெட்டுருப் போட்டு வரைந்து 5 மார்க் வாங்கலாம். அதைப் புரிந்துகொண்டு வார்டில் நிற்பது வேறு.

ரெஸ்பிரேஷன் பாடம் தொடங்கும்போது மேடம் ஒவ்வொரு வருஷமும் கோபன்ஹேகன் கதையைச் சொல்வார். கருவிகளைத் துடைத்துக்கொண்டே நானும் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். 1952-இல் அந்த ஊரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் முதலில் மூச்சுக் கருவியில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு மொத்த அளவு அதிகமாக இருந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் அதை ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் அதே எண்ணைப் பார்த்து, இவர்களுக்குக் காற்று போதவில்லை, கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் இரவு பகலாகப் பையை அமுக்க ஆள் வேண்டுமே? மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 பேர் முறை வைத்து உட்கார்ந்து, பையை அமுக்கி அமுக்கி அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய ஐசியூ அங்கேதான் தொடங்கியது என்பார்கள்.

ஒரே பரிசோதனை முடிவை இரண்டு விதமாக வாசித்ததில் அத்தனை உயிர் இருந்தது. நீ முடியாது என்று தள்ளிவைக்கப் பார்க்கிற பாடம்தான் அது. பையை அமுக்கியவர்களும் உன்னைப் போலப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். பதில் மனசில் தமிழில் இருந்தது, வாயில் இங்கிலீஷில் வரவில்லை, பின்வரிசையில் சிரித்தார்கள் என்றாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தபிறகு உன்னைப் போலத் தமிழ் மீடியப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். அந்த இடத்தை உனக்கு யாரும் தானமாகத் தரவில்லை. நீட் எழுதித்தான் போயிருக்கிறாய். எங்கள் மேடம், திணறுகிற பிள்ளையிடம் 'தமிழில் சொல்லும்மா, முதலில் சொல்' என்பார். சொன்னபிறகு, அதையே இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எழுதிக் காட்டுவார். மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், உடலியல் புத்தகமும் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் யோசித்தால் உடம்பு புரியாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. தமிழில் புரிந்துகொள், அப்புறம் இங்கிலீஷில் சொல்லிப் பழகு.

கண்டிப்பான ஆசிரியர் எல்லோரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ரெக்கார்டைத் தூக்கி எறிகிறவர், ஊரையும் சாதியையும் பேச்சையும் சொல்லிக் குத்துகிறவர் ஆகியோரையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பிள்ளைகள் கற்றது ஒளிந்துகொள்வதை மட்டும்தான். கேள்வி உன் பதிலைப் பற்றியதாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் நில், அது உனக்கு நல்லது. பேச்சு உன்னைப் பற்றியதாக மாறினால் நிற்க வேண்டியதில்லை. உனக்கென்று ஒதுக்கிய மென்டரிடம் போய்ச் சொல். அங்கேயும் கேட்கவில்லையென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன். உன் மேடம் இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, வகுப்பில் பதில் வராத அதே கேள்வியோடு அவர் அறைக்குப் போ. 'மேம், இதுவரைக்கும் புரிகிறது, இதற்கு மேல் தெரியவில்லை' என்று இடத்தைக் காட்டிக் கேள். நிஜமாகவே பாடத்தை நேசிக்கிறவராக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

படிக்கிற முறையைக் கொஞ்சம் மாற்று. அடிக்கோடு போட்டுக்கொண்டே பக்கம் பக்கமாகப் போகாதே. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சம்பவத்தை எழுது: படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். ரத்தம் காலுக்கு இறங்கும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், பிபி இறங்கும், கழுத்தில் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் சொல்லும், இதயம் வேகமாகத் துடிக்கும், குழாய்கள் இறுகும். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போடு. அப்புறம் ஒரு அம்புக்குறியை அழித்துவிட்டு, இது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உன்னையே கேள். சர்க்கரை நோய் முற்றிய பெரியவர்கள் சிலர் எழுந்ததும் தலைசுற்றி விழுகிறார்களே, அது அந்த அழிந்த அம்புக்குறிதான். ஓஆர்எஸ் பாக்கெட்டில் சர்க்கரை எதற்கு என்பதையும் இப்படிப் போட்டுப் பார். தெம்புக்கு என்று எழுதினால் மார்க் கிடையாது. குளுக்கோஸ் இருந்தால்தான் குடல் அதோடு சேர்த்து சோடியத்தை நன்றாக உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே வரும்.

உன் மேஜையில் இருக்கும் கைட்டன் எழுதிய பிசியாலஜி புத்தகம் கனமாக இருக்கிறது என்றாயே. ஆர்தர் கைட்டன் அறுவை மருத்துவராக வேண்டும் என்று பயிற்சியில் இருந்தவர். 1946-இல் போலியோ வந்து ஒரு காலும் ஒரு கையும் தோள்களும் பாதிக்கப்பட்டன. அறுவை மருத்துவம் முடிந்துபோனது. மிசிசிப்பிக்குப் போய் பிசியாலஜி கற்பித்தார், 1956-இல் அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு வந்தது. 1972-இல் அவரும் கூட இருந்தவர்களும் ரத்த ஓட்டம் கட்டுப்படும் விதம் முழுவதையும் கட்டமும் கோடுமாக ஒரே படத்தில் வரைந்து வெளியிட்டார்கள். நான் சொல்கிற அம்புக்குறி வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்.

தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத அட்டென்டன்ஸ் வேண்டும், அதில் மட்டும் கை வைக்காதே. பயத்தில் வகுப்புக்குப் போகாமல் ரூமில் உட்கார ஆரம்பித்த பிள்ளைகள்தான் கடைசியில் பரீட்சையே எழுத முடியாமல் நின்றார்கள். ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிக்காதே. ரூம்மேட்டுக்கு ஒரு பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடு, எங்கே இடறுகிறதோ அதுதான் உனக்குப் புரியாத இடம்.

அம்மா பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள். முருங்கைக்கீரைப் பொடி தனிப் பொட்டலம், அதைச் சாப்பிடாமல் ரூம்மேட்டுக்குத் தள்ளிவிடாதே என்று சொல்லச் சொன்னாள். மெஸ் பில்லுக்குப் பணம் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி வீடியோ கால் பண்ணு. ஆக்‌ஷன் பொட்டன்ஷியலை (நரம்பில் ஓடும் மின் அலையை) ஆரம்பத்திலிருந்து எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி 'ஏன்' என்று கேட்பேன். சோடியம் சேனல் மூடியபிறகும் பொட்டாசியம் சேனல் ஏன் கொஞ்ச நேரம் திறந்திருக்கிறது, அதனால் என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன், பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அப்பா