மிதப்பு ஜக்கெட்: கெடுவது உள்ளேதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை தொடங்கினால் கல்லடியிலும் பாசிக்குடாவிலும் கப்பல் சிதைவுகளையும் பவளப்பாறைகளையும் பார்க்க இறங்கும் தொழில் ஓய்ந்துவிடும். கடல் மறுபடி தெளியும் ஏப்ரல், மே வரைக்கும் கருவிகள் சாமான் அறைகளில் தொங்கும். அவற்றில் ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுவது, காற்றை ஏற்றியும் இறக்கியும் சுழியோடி தன் மிதப்பைக் கட்டுப்படுத்தும், பிசிடி எனப்படும் மிதப்பு ஜக்கெட். வெளியே நாலு வாளி தண்ணீர் ஊற்றி வெயிலில் போட்டுவிட்டால் கழுவியாயிற்று என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றுப்பையை யாரும் நினைப்பதில்லை. (சங்குக்கும் கடலட்டைக்கும் இந்த ஜக்கெட்டே போடாமல் இறங்குவோரும் உண்டு. அது தனியாக எழுதவேண்டிய விடயம்.)

காற்றை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடல்நீர் வாயால் ஊதும் வாய்முனை வழியாகவும் வால்வுகள் வழியாகவும் பைக்குள் போகும். இரண்டு முறை இறங்கி ஏறினால் அரை லீற்றர் சேர்வது சாதாரணம். ஒரு லீற்றர் கடல்நீரில் 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஆகவே அந்த அரை லீற்றர் உள்ளேயே வற்றினால் ஒரு மேசைக்கரண்டியளவு உப்பு பைக்குள் தங்கிவிடும். அந்த உப்புப் பரல்கள் கூர்மையானவை. ஜக்கெட்டை மடிக்கும்போதும் அமத்தும்போதும் பையின் உட்பூச்சை அராவும். வால்வின் தட்டு படியும் இருக்கையில் ஒரு பரல் சிக்கினாலும் காற்று கசியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து காற்றேற்றும் பொத்தானில் இருக்கிறது. அதற்குள்ளே மோட்டார் சைக்கிள் ரியூப் வால்வைப் போன்ற சின்ன வால்வு ஒன்று உண்டு. உப்புக் கட்டினால் அமத்திய பொத்தான் திரும்பி வராது. காற்று நிற்காமல் ஏறிச் சுழியோடியை மேலே தூக்கும். அப்போது செய்யவேண்டியது, ஒரு கையால் ஜக்கெட்டின் ஊதுகுழாயை உயர்த்தி வெளியேற்றும் பொத்தானை அமத்திப் பிடித்தபடி, மறு கையால் சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் கொழுவியைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுவது. ஆனால் பொத்தானை இறுக்கிய அதே உப்பு அந்தக் கொழுவியின் வளையத்தையும் இறுக்கி வைத்திருக்கும். பழுதும் பரிகாரமும் ஒன்றாகவே அடைபட்டுப் போகும்.

1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப் போல ஆறு மடங்கு. அங்கு பைக்குள் இருக்கும் ஒரு லீற்றர் காற்று, வெளியே விடாமல் மேலே வந்தால் ஆறு லீற்றராகும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் இருக்கும் ஆழம் இதில் பாதியளவுதான். அதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது. கடைசிப் பத்து மீற்றருக்குள்தான் காற்று இரட்டிப்பாகிறது. கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கப்படுபவரின் நுரையீரல் கிழியலாம், இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உண்டாகலாம்.

கழுவும் வேலையைக் கரைக்கு வந்ததும், சிலிண்டரைக் கழற்ற முன்னரே தொடங்க வேண்டும். சிலிண்டர் திறந்தபடி, அதன் குழாய் பூட்டியபடி இருக்கையில் காற்றேற்றும் பகுதியின்மேல் நன்னீர் ஊற்றி இரண்டு பொத்தான்களையும் பத்துப் பன்னிரண்டு தரம் அமத்துங்கள். குழாயைக் கழற்றிய பிறகு தண்ணீருக்குள் வைத்து ஏற்றும் பொத்தானை அமத்தக் கூடாது. காற்றமுக்கம் இல்லாத வால்வுக்குள் தண்ணீர் போய்விடும்.

பிறகு உட்புறம். வெளியேற்றும் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு வாய்முனை வழியாக இரண்டு லீற்றர் நன்னீர் விடுங்கள். தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்தால் போதும். ஜக்கெட் விறைக்கும்வரை காற்று ஏற்றி, எல்லா மூலைக்கும் தண்ணீர் போகும்படி ஒரு நிமிடம் புரட்டிக் குலுக்குங்கள். அதன்பின் தோள் வால்வாலும் கீழ்முதுகு வால்வாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, மிச்சத்தைத் தலைகீழாகப் பிடித்து வாய்முனையால் வடியுங்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே வழியால் விட்டால் மற்ற வால்வுகளின் இருக்கைகள் கழுவுப்படாது. இப்படி மூன்று தரம். உப்புப் போயிற்றா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பைக்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அதைச் செய்ய மாட்டார்கள். கறுப்புத் தட்டு ஒன்றில் கடைசியாக வடிந்த நீரில் ஒரு துளி, பக்கத்தில் கழுவப் பாவித்த நீரில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். முதலாவதன் வெள்ளைப் படலம் தடிப்பாக இருந்தால் இன்னொரு தரம் கழுவ வேண்டும்.

கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பைக் குறைக்கலாம், போக்க முடியாது. கடைசிக் கழுவலுக்காவது குழாய் நீரோ மழைநீரோ வேண்டும். காலையில் நிரப்பிய தொட்டியில் மாலைவரை எல்லாருடைய ஜக்கெட்டையும் முக்கி எடுப்பதும் பயனற்றது. நாலைந்து ஜக்கெட் முங்கிய பிறகு அது கடலுக்குத் தம்பி.

வாடகை ஜக்கெட்டுகளில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. இருட்டும் சூடும் ஈரமும் உள்ள பைக்குள் பூஞ்சணமும் பற்றீரியாவும் வளரும். வாயால் ஊதும்போது அந்தக் காற்று திரும்ப நுரையீரலுக்குள் வரலாம். பருவம் முடிந்து வைக்குமுன் பிசிடிக்கென்று விற்கும் கிருமிநீக்கித் திரவத்தைப் போத்தலில் எழுதியுள்ள அளவில் கலந்து உள்ளே விட்டு, சொன்ன நேரம்வரை வைத்திருந்து, நன்னீரால் இரண்டு தரம் அலச வேண்டும். குளோரின் வெளுப்பானைப் பாவிக்க வேண்டாம். அது பையின் பூச்சையும் தையல் நூலையும் பலவீனமாக்கும். வசலின், என்ஜின் ஓயில், துருநீக்கும் ஸ்பிரே எல்லாம் ரப்பரை ஊத வைக்கும். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும், அதுவும் பளபளப்புத் தெரியும் அளவுக்கு.

கசியும் வால்வைக் கையால் திருகிக் கழற்றலாம், குறடு வேண்டாம். சுருள்வில், தட்டு, இழுக்கும் நூல் இருக்கும் ஒழுங்கைக் கழற்றும்போதே பார்த்துவையுங்கள். பெரும்பாலும் மணல் பருக்கை ஒன்றுதான் காரணமாக இருக்கும். பூட்டும்போது புரி மாறி ஏறினால் ஜக்கெட்டே வீண்.

காயவிடுவது நிழலில், அகலமான கொழுக்கியில். வெயில் நைலோனின் நிறத்தோடு பலத்தையும் எடுத்துவிடும். பை ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பாதியளவு காற்றோடு தொங்கவிட்டு, வாய்முனையைத் துணியால் கட்டுங்கள். குளவி கூடு கட்ட அதைவிட நல்ல துவாரம் கிடைக்காது.

பருவம் தொடங்குகையில் ஜக்கெட் எடுப்பவர்கள், அது வாடகைக்கோ சொந்தமோ, கரையிலேயே பார்க்கவேண்டிய சில உண்டு. மிகையமுக்க வால்வு தானாகத் திறந்து சீறும்வரை காற்றேற்றி, சிலிண்டர்க் குழாயைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் வையுங்கள், தளர்ந்தால் கசிவு. அடுத்து, பையை வெறுமையாக்கிச் சிலிண்டர்க் குழாயை மட்டும் பூட்டிப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். தானாக உப்பினால் அந்த ஜக்கெட்டோடு இறங்க வேண்டாம். காற்றேற்றும் வால்வு பழுதாயிருக்கலாம், அல்லது சிலிண்டரின் அமுக்கத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேற்றரின் முதற்கட்டம், குழாய்க்கு வரும் இடையமுக்கத்தை வழக்கமான 9, 10 பார் அளவுக்கு மேலே தள்ளலாம். கொழுவியை ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். சிலிண்டரைக் கட்டும் பட்டியை நனைத்த பிறகே இறுக்குங்கள். நைலோன் நனைந்தால் நீளும். உலர்ந்தபடி இறுக்கிய பட்டியிலிருந்து சிலிண்டர் நழுவும்.

படகு கரையேறும் இடங்களில் நன்னீர்க் குழாய் ஒன்று போட்டுத் தருமாறு உள்ளூராட்சி சபைகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை படகுக்காரர் ஒவ்வொருவரும் 200 லீற்றர் பரல் ஒன்றை நிரப்பி வைக்கலாம். ஒரு ஜக்கெட்டின் உட்புறத்துக்கு ஆறு லீற்றர்தான் செலவாகும். 12 ஜக்கெட் கழுவிய பின்னும் பரலில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

இப்படிக்கு,
சுழியோடிக் கருவிகள் திருத்துவோர்,
கல்லடி, மட்டக்களப்பு.